மூன்று பேருக்கு வில்லன்!

பழங்காநத்தம் ரவுண்டானாவில் பைபாஸ் ரோட்டைப் பிடித்து, காளவாசலில் தேனி ரோட்டுப் பக்கம் திரும்புங்கள். கொஞ்ச தூரத்தில் சம்மட்டிபுரம். அங்கே ஒரு தர்கா. உள்ளே அடக்கமாகியிருப்பவர் ஆங்கிலேயருக்குத் துரோகி; ஆற்காட்டு நவாபுக்கு நன்றிகெட்டவன்; பூலித்தேவனைக் கொண்டாடுகிறவர்களுக்கோ வெள்ளைக்காரனின் அடியாள். ஒரே ஆள், மூன்று தரப்புக்கும் வில்லன்!

கான்சாகிபு என்கிற யூசுப்கான். 'மருதநாயகம்' என்றால் சட்டென்று பிடிபடும். 1997-ல் இங்கிலாந்து ராணி முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கி, பாதியில் நின்றுபோன படத்தின் நாயகர்.

ராமநாதபுரம் சீமையின் பனையூர்க்காரர். கும்பெனிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தார். 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்துகொண்டு அவர்களைத் தூங்கவிடாமல் அடித்தவர் இவர்தான். பரிசாக வந்ததுதான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம்.

முதலில் பற்று எழுதிவிடுவோம். 1761-ல் பூலித்தேவனின் கோட்டைகளை வீழ்த்தியவை இவருடைய பீரங்கிகள். வரி கட்ட மறுத்த பாளையக்காரர்களையும் கள்ளர் நாட்டையும் இரக்கமில்லாமல் ஒடுக்கினார். கும்பெனிச் சம்பளத்துக்குச் செய்த வேலை. இதை மழுப்ப வேண்டியதில்லை.

வரவுப் பக்கம் என்ன? மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பறிபோயிருந்த மானியங்களை மீட்டுக்கொடுத்தார். கண்மாய்களையும் கோட்டைகளையும் பழுதுபார்த்தார். கொள்ளை குறைந்தது, கஜானா நிரம்பியது.

வினையே அங்கேதான் ஆரம்பம். கும்பெனியிடம் கழுத்துவரை கடன்பட்டிருந்த நவாப் முகமது அலிக்கு, நிரம்பி வழியும் மதுரையைப் பார்த்துக் கண் உறுத்தியது. வரிப்பணம் தன் கைவழியாகத்தான் போகவேண்டும் என்றார். 'வருஷத்துக்கு 7 லட்சம் தருகிறேன், குத்தகையை நீட்டியுங்கள்' என்று கேட்டார் யூசுப்கான். கும்பெனி மறுத்துவிட்டது. உழைத்தவனைவிட, கடன் பாக்கிக்காரன் முக்கியமாகிவிட்டான்! வட்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.

பணிந்து போயிருந்தால் ஓய்வுபெற்ற தளபதியாக நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். மனுஷன் போகவில்லை. 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அந்த செப்டம்பரில் கும்பெனியும் நவாபும் சேர்ந்து முற்றுகை போட்டார்கள். தான் பயிற்சி கொடுத்த படையோடு தானே மோதவேண்டிய நிலைமை! 1764 ஜூனில் கோட்டைமீது பாய்ந்த பெரும் தாக்குதலையும் முறியடித்தார். பீரங்கியால் ஆகாததைப் பசி செய்தது; மிச்சத்தைத் துரோகம் செய்தது. அக்டோபர் 13-ம் தேதி தொழுகையில் இருந்தவரை அமுக்கிப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? அவருடைய திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுத் தளபதி மார்ஷான். மூன்று பேரும் சொந்த ஆட்கள்!

இரண்டே நாளில் தூக்கு. கயிறு இருமுறை அறுந்ததாகவும், பிறகு உடலைத் துண்டாக்கி ஊர் ஊராகப் புதைத்ததாகவும் கதை உண்டு. செத்த பிறகும் எழுந்து வந்துவிடுவாரோ என்று பயந்தார்களாம்! வில்லனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்?

வேடிக்கையைக் கேளுங்கள். சுமார் இருபது வருஷம் கழித்து இதே தென்சீமையில் படை நடத்திய ஆங்கிலேயத் தளபதி புல்லர்ட்டன், நீதியிலும் சொன்ன சொல் காப்பதிலும் இவருடைய ஆட்சியை மெச்சி எழுதினார். தூக்கில் போட்ட கூட்டமே கொடுத்த சர்டிபிகேட்! ஜனங்களோ முன்பே முடிவு கட்டிவிட்டார்கள். 'கான்சாகிபு சண்டை' என்று கதைப்பாடலே கட்டிப் பாடினார்கள். மதுரைக்குள் கான்சாமேட்டுத் தெரு, வத்திராயிருப்பு பக்கம் கான்சாபுரம் என்று பெயரும் நிலைத்துவிட்டது.

இவர் புனிதர் இல்லை. பூலித்தேவனின் வாரிசுகளுக்கு இவர்மேல் இருக்கும் கோபம் நியாயமானதே. ஆனால் வேலைக்காரனாக வந்த ஊரைத் தன் ஊராக நினைத்தாரே, அதற்காக உயிரையும் கொடுத்தாரே... அதை மரியாதையோடு பார்க்க அந்தக் கோபம் தடையாக இருக்கவேண்டியதில்லை.

அடுத்த தடவை சரித்திரத்தில் யாரையாவது வில்லன் என்று சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். 'யாருக்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.