காளான் கொடுத்த அம்மாள்

கதை எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் வீட்டில் நடந்ததை எழுதிவிட்டு, பெயரையும் ஊரையும் மாற்றிவிடுவோம். மீனாட்சி காமாட்சியாவாள், கும்பகோணம் திருச்சியாகும். அதோடு பொறுப்புத் தீர்ந்ததென்று மனம் சமாதானமாகிவிடும். நானும் அப்படிச் சமாதானம் அடைந்தவன்தான். ஒரு காளானின் சரித்திரத்தைப் படித்தபின் அந்தச் சமாதானம் போய்விட்டது.

கார்டன் வாஸன் என்பவர் நியூயார்க்கில் ஜே. பி. மார்கன் பாங்கியின் உபதலைவர். அவர் மனைவி வாலண்டீனா ரஷ்யாவில் பிறந்த குழந்தை வைத்தியர். 1927-ல், கல்யாணமான புதிதில், இருவரும் மலைப்பக்கம் உலாவப் போனார்கள். காளான்களைக் கண்டதும் மனைவி குதூகலத்துடன் ஓடிப் பறித்தாள். கணவரோ விஷமென்று நடுங்கினார். ஒரே வஸ்து ஒரு நாட்டாருக்கு விருந்து, மற்றொரு நாட்டாருக்குப் பயம். ஏன்? இந்தக் கேள்வியைத் தம்பதிகள் பிறகு விடவே இல்லை.

கேள்வி கடைசியில் வாஸனை மெக்ஸிகோ தேசத்தின் வாவுத்லா என்ற மலையூருக்கு இழுத்துச் சென்றது. அங்கே மஸடெக் இனத்தைச் சேர்ந்த மரியா சபீனா என்ற அம்மாள் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்பானிஷ் பாஷையும் வராது. நோயாளி வந்தால், இரவில் சிறு காளான்களைத் தின்று, விடிய விடியப் பாடி, நோயின் காரணத்தைத் தேடுவார். அந்தக் காளான்களைப் புனிதக் குழந்தைகள் என்றே சொல்லுவார். ஊர் அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், 1955 ஜூன் 29 இரவு அவற்றை வாஸனுக்கும் கொடுத்தார். இருட்டில் உட்கார்ந்திருந்த பாங்கிக்காரருக்குச் சித்திர விசித்திரமான காட்சிகள் தோன்றின.

1957 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் வாஸன் இதை எழுதினார். நல்ல மனிதர், அம்மாளுக்கு ஏவா மென்டெஸ் என்று வேறு பெயர் வைத்தார். ஊரையும் மறைத்தார். ஆனால் அந்தத் திரை வெகுநாள் தாங்கவில்லை.

விஞ்ஞானிகள் முந்திக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹீம் காளானைப் பாரிஸில் பயிர் செய்தார். எல்.எஸ்.டி.யின் வேகத்தை 1943-ல் தம் உடம்பிலேயே கண்டறிந்த ஆல்பர்ட் ஹாஃப்மன், காளானின் சத்தைப் பிரித்தெடுத்து 1958-ல் ஸைலோஸைபின் என்று பெயரிட்டார். 1962-ல் அவர் வாவுத்லாவுக்கே போய், அதை மாத்திரையாக அம்மாளிடம் கொடுத்தார். விழுங்கிப் பார்த்த அம்மாள், காளானுக்கும் இதற்கும் பேதமில்லை என்றார். காளான் முளைக்காத காலத்திலும் இனி வைத்தியம் செய்யலாமே என்று அவருக்குச் சந்தோஷம்! பரீட்சையில் தேறியது மாத்திரைதான்; பரீட்சித்தவர் அந்த அம்மாள்.

பிறகு வந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. வேடிக்கைக்கும் போதைக்கும் வாலிபர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். ஊரார் கோபம் அம்மாள் மீது திரும்பியது. அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். 1969-ல் ராணுவம் பாதையை மறித்தது. 1970-ல் அமெரிக்கா இந்த மருந்துகளைக் கடுமையான சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆராய்ச்சியும் ஏறக்குறைய அடங்கிப்போயிற்று. அந்நியர்கள் வந்தபின் குழந்தைகளின் சக்தி போய்விட்டதென்று அம்மாள் வருந்தினார். முன்பெல்லாம் நோய் தீரத்தான் காளான். இவர்கள் கடவுளைப் பார்க்க வந்தார்கள் என்பது அவர் குறை. 1985-ல் காலமானார். வாஸனும் பின்னாளில் தம் கட்டுரையின் விளைவை நினைத்து வேதனைப்பட்டு எழுதினார்.

2016-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புற்றுநோயினால் மனமொடிந்த 51 பேருக்கு, பக்கத்தில் துணையிருந்து ஸைலோஸைபின் கொடுத்ததில், ஆறு மாதம் கழித்தும் சுமார் நூற்றுக்கு எண்பது பேருக்குச் சஞ்சலம் வெகுவாகக் குறைந்திருந்ததாம். நோயாளிக்கு மருந்து, அருகே ஒரு துணை! அறுபது வருஷம் சுற்றி, விஞ்ஞானம் அந்த அம்மாளின் வாசலுக்கே வந்து நின்றது. வீடுதான் எரிந்துபோயிருந்தது.

வாஸனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. என் மேஜைமேல் ஒரு கதை பாதியில் கிடக்கிறது. பெயரை மாற்றியாயிற்று, ஊரையும் மாற்றியாயிற்று. ஆனாலும் முடிப்பதற்குமுன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வரப்போகிறேன்.