கைப்பிடி நூல்

பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்தை அடிக்கும் கோலுக்குக் கியூ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு வால் என்று அர்த்தம். ஆதியில் ஐரோப்பாவில் பந்தைக் குத்தவில்லை. முனையில் கட்டை வைத்த 'மேஸ்' என்ற கோலால் தள்ளினார்கள். பந்து மேஜை ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் கட்டை நுழையாது. உடனே கோலைத் திருப்பி வால் பக்கத்தால் குத்துவார்கள். அந்த வாலே பிறகு தனிக் கோலாயிற்று. 1807 வாக்கில் மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி அதன் நுனியில் தோல் ஒட்டினார். சிறையில் இருந்தபோது அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள்.

நுனியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது மறுமுனையைப் பற்றி, கை பிடிக்கும் இடத்தைப் பற்றி.

நம் அம்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதை 'ஸ்டிக்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய தமிழ்ப் படங்களில் வில்லன் பில்லியர்ட்ஸ் மேஜை பக்கத்தில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது கெட்ட சகவாசத்தின் அடையாளம். ஆனால் ஸ்நூக்கர் ஆட்டத்துக்கும் நம் மாநிலத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில், மழைக்காலத்தில் பொழுது போகாமல், நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி வேறு வேறு ஆட்டங்களைக் கலந்து, வண்ணப் பந்துகளையும் சேர்த்து இதை உண்டாக்கினார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள்.) பிறகு அவர் சென்னைப் படையின் தளபதி ராபர்ட்ஸிடம் வேலைக்கு வந்தார். கோடை வந்தால் அதிகாரிகள் கூட்டம் ஊட்டிக்கு ஏறிவிடும் அல்லவா? 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்நூக்கர் விதிகளை எழுதி மாட்டினார்கள். இந்த விவரத்தை 1938-ல் அவரே ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார்.

வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்றார். நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோஹாவில் ஸ்நூக்கர் உலகப் பட்டம் வென்றார். இவர்கள் ஆடும் வகைக் கோலின் கைப்பிடியில் எதையும் சுற்றுவதில்லை. ஆஷ் மரமோ மேப்பிளோ முன்பாகம், கருங்காலி போன்ற கனமான மரம் பின்பாகம், அதற்குமேல் மெருகு. அவ்வளவுதான். நம் மண்வெட்டிக் காம்பு மாதிரி. மண்வெட்டிக் காம்பில் யாராவது துணி சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கை லேசாக வழுக்கிக்கொண்டே போக வேண்டிய இடத்தில் சுற்றினால் கை கொப்பளித்துவிடும்.

அமெரிக்காக்காரன் பூல் ஆடுகிறான். பந்து பெரிது, கனம் அதிகம். ஆட்டம் தொடங்கும்போது பந்துக் கூட்டத்தை ஓங்கி உடைக்க வேண்டும். அந்த அடிக்குப் பிடி வேண்டும், வியர்வையும் வழுக்கக் கூடாது. அதனால்தான் அங்கே கைப்பிடியில் நூல் சுற்றும் வழக்கம் நிலைத்தது என்பது என் எண்ணம். மரத்தில் சுமார் ஒரு அடி நீளத்துக்கு மெல்லிய காடி வெட்டி, அதற்குள் ஐரிஷ் லினன் நூலை நெருக்கமாகச் சுற்றுவார்கள். தடவிப் பார்த்தால் மரம் முடிந்து நூல் தொடங்கும் இடம் கையில் தட்டுப்படக் கூடாது. சிலர் தோலும் போடுவார்கள்.

இந்த வேலையில் பெயர் பெற்றவர் ஜார்ஜ் பலபுஷ்கா. 1912-ல் ரஷ்யாவில் பிறந்து, 1924-ல் நியூயார்க் வந்து, மர வேலை செய்து பிழைத்தவர். 1959-ல் கோல் செய்யத் தொடங்கி, 1975-ல் காலமானார். அவர் கோல்களில் பெரும்பாலானவற்றில் லினன் நூல்தான். இன்று அவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் டாம் குரூஸ் கையில் இருப்பது பலபுஷ்கா என்று கதை சொல்லும். உண்மையில் அது வேறொரு கம்பெனியின் கோல்.

லினன் ஆளிச் செடியின் தண்டிலிருந்து வரும் நார். நனைந்தால் அதன் பலம் கூடும். வியர்வைக்கு ஏற்ற நூல். அதே செடியின் விதையில் வருவது லின்சீட் ஆயில். கிரிக்கெட் மட்டைக்குத் தடவுவோமே, அதுதான். ஸ்நூக்கர் கோலின் ஆஷ் மரத்துக்கும் அதையே தடவுகிறார்கள். ஒரு செடியின் எண்ணெயை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான், நாரை அமெரிக்காக்காரன் எடுத்துக்கொண்டான்!

எனக்கு இதெல்லாம் தெரிய வந்ததற்குக் காரணம், நாலு வருஷத்துக்கு முன் எங்கள் மேனாம்பேட்டில் என் கைக்கு வந்த ஒரு கோல். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் டர்னராக இருந்தவன் நான் என்பதால், தெருவில் எது கழன்றாலும் என்னிடம்தான் வரும். நண்பரின் அண்ணன் அமெரிக்காவில் இருந்து காலமானவர். அவர் பெட்டியோடு கோலும் வீடு வந்தது. கைப்பிடி நூல் கறுத்து, எண்ணெய் ஏறி, ஒரு முனையில் பிரிந்து தொங்கியது. அவர் மகன் அதை வைத்து ஆட ஆசைப்பட்டான். அம்மாவுக்கு மனமில்லை.

"அண்ணே, நூலைப் பிரிச்சா அவர் கை பட்டது போயிடும்னு அண்ணி சொல்றாங்க," என்றார் நண்பர்.

நான் அவசரப்படவில்லை. ஒரு மாதம் கோல் என் பீரோ மேலேயே கிடந்தது. கடைசியில் அண்ணியே வந்து, "பிரிங்க தம்பி, ஆனா நான் பக்கத்துல இருப்பேன்," என்றார்.

வெட்டாமல் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்கக் காடியின் அடியில், பழைய பசையில் ஒட்டிக்கொண்டு, பச்சை நூல் துணுக்குகள் தெரிந்தன. மேலே இருந்தது வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட நூல். ஆக, அவரே ஒருமுறை மாற்றியிருக்கிறார். அண்ணி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இவர் என்கிட்ட சொல்லவே இல்லையே," என்று சிரித்தார்.

சுற்றும் வேலை பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுத்தேன். தெரிந்தவர் பட்டறை லேத்தில் கோலின் பின்பாகத்தை மாட்டினேன். மரத்தில் சக் பல் பதியாமலிருக்கச் சைக்கிள் ட்யூப் துண்டு. அம்பத்தூரில் அதற்குப் பஞ்சமா? மோட்டார் போடாமல் சக்கைக் கையாலேயே சுற்றினேன். காடியில் மெல்லிசாக வெள்ளைப் பசை, அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளியும் விழாமல் நூல். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட முந்நூற்றெண்பது சுற்று, முப்பத்தெட்டு மீட்டர் வரும். கடைசிப் பத்துச் சுற்றுக்கு அடியில் வேறொரு நூலை வளையமாக வைத்து, முனையை அதில் கோத்து உள்ளே இழுத்துவிட்டால் முடிச்சே வேண்டாம். மேலே கஞ்சி. காஞ்சிபுரத்தில் பாவுக்குப் போடுகிற மாதிரிதான், ரோமம் அடங்குவதற்கு. காய்ந்த பிறகு வழவழப்பான கண்ணாடிப் பாட்டிலால் அழுத்தித் தேய்த்தேன்.

பையன் இப்போது அதில்தான் ஆடுகிறான். நம் ஊர்ப் புழுக்கத்தில் நூல் சீக்கிரம் அழுக்காகிறது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். பிரித்த நூலை ஒரு காலி ரீலில் சுற்றிக் கொடுத்தேன். அண்ணி அதைத் தையல் டப்பாவில் வைத்திருக்கிறார். பச்சைத் துணுக்குகளையும் விடவில்லை, ஒரு மாத்திரைச் சீட்டின் உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.