நடுகல்

நடுகல் என்னும் சொல்லில் வரும் 'நடு' இடத்தைக் குறிக்கும் பெயரன்று; ஊன்றுதலைக் குறிக்கும் வினைப்பகுதியாகும். நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என முக்காலத்துக்கும் விரியும் இவ்வினைத்தொகை, போரிலோ ஆநிரை காக்கும் பூசலிலோ வீழ்ந்த வீரனுக்கு ஊரார் எடுத்த நினைவுக்கல்லைச் சுட்டுகிறது. கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, அதனைக் கொள்ளும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. வீரனுக்குரிய இவ்வரிசையின் பெயர்களையே கண்ணகிக்குக் கல்லெடுக்கும் சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகளும் பெரும்பாலும் தாங்கி நிற்பது கருதத்தக்கது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழிப் பொறிப்புக் கல்லொன்று, ஆநிரை கவர்தலாகிய ஆகோளில் இறந்தவனைக் குறிக்கிறது. எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லோ வீரனோடு கோவிவன் என்னும் நாய்க்கும் இடமளிக்கிறது. நன்றிக்கு நாயை உவமையாக்கும் வழக்கம் இருக்க, பெயரையே கல்லில் வெட்டுவித்தவர்கள் அவ்வூரார்.

நினைவு கல்லோடு நின்றுவிடவில்லை. வீழ்ந்தவன் குடும்பத்தார்க்கு விடப்பட்ட நிலம் உதிரப்பட்டி என்றும், குருதியைக் குறிக்கும் 'நெய்த்தோர்' என்னும் சொல்லடியாக நெய்த்தோர்பட்டி என்றும் வழங்கப்பட்டது. அதனை உழுது உண்ட மக்களுக்கும் பேரர்க்கும் முன்னோனின் சாவு செவிவழிக் கதையாக மட்டுமன்றி அன்றாட வாழ்வின் ஆதாரமாகவும் இருந்தது. தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் இத்தகைய கற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன.