ப்ளெரோ: ஒரு சவர பிரஷின் கதை

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'ப்ளெரோ' என்ற சொல் பழக்கமானது. அதற்கு இரண்டு பொருள். ஒன்று, வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. ஆங்கிலத்தில் பேட்ஜர் என்பார்கள், நீர்நாய்க்கு உறவு. மற்றொன்று, முகத்தில் சோப்பு நுரை போடும் சவர பிரஷ். அந்த விலங்கின் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், முகத்திலும் குத்தாது. நல்ல பிரஷ்களை அதில்தான் செய்தார்கள். நாளடைவில் விலங்கின் பெயரே பிரஷுக்கும் ஆகிவிட்டது. பாரிஸின் ப்ளிசோன் நிறுவனம் 1808-ல் தொடங்கியது என்றால், இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

நம்மூர் சொல்தா வீடுகளில் அலமாரியைக் குடைந்தால் இப்படி ஒரு பிரஷ் இன்னும் அகப்படலாம். முடி கொட்டிப்போயிருக்கும், கைப்பிடி மட்டும் கல் மாதிரி இருக்கும். இப்போது பலர் அதற்குப் புது முடிக்கொத்து வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஓய்வு பெற்றபின் நானும் சிலவற்றைச் சரிசெய்திருக்கிறேன். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் இந்தப் பிரஷின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் உயிர்ப்பலி இருக்கிறது.

முதல் உலகப் போரில் விஷவாயு வந்தது. முகமூடி காற்றுப் புகாமல் கன்னத்தில் ஒட்ட வேண்டுமென்றால் தாடி இருக்கக் கூடாது. பிரெஞ்சுச் சிப்பாய்க்கு 'புவாலு', அதாவது முடி அடர்ந்தவன், என்ற செல்லப்பெயர் இருந்த காலம் அது! சிப்பாய்கள் தாங்களே சவரம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 1918-ல் அமெரிக்க அரசு சுமார் 35 லட்சம் ஜில்லெட் ரேஸர்களைத் தன் படைக்காக வாங்கியது. ரேஸர் இருந்தால் பிரஷும் வேண்டுமே?

அங்கேதான் சிக்கல். போருக்கு முன் பேட்ஜர் முடி ரஷ்யாவிலிருந்து வந்து, ஜெர்மனியில் சுத்தம் செய்யப்பட்டு, மற்ற நாடுகளுக்குப் போகும். போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. வியாபாரிகள் சீனா, சைபீரியா பக்கங்களிலிருந்து மலிவான குதிரை முடியைத் தருவித்து, பேட்ஜர் முடி போலத் தோன்றும்படி செய்து விற்றார்கள். எல்லா முடியும் சரியாகக் கிருமி நீக்கப்படவில்லை. அதோடு கூட வந்தது ஆந்த்ராக்ஸ்.

நம் கால்நடை மருத்துவர்கள் இதை அடைப்பான் நோய் என்பார்கள். பிரெஞ்சில் 'ஷார்போன்', அதாவது கரி. தோலில் தொற்றினால் கரி போலக் கறுத்த புண் வரும், அதனால் அந்தப் பெயர். 1881-ல் பூயி-லெ-ஃபோர் கிராமத்தில் லூயி பஸ்தேர் ஊரார் முன்னிலையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டியது இந்த நோய்க்குத்தான். ஆடுமாடுகளையோ தோலையோ தொட்டே அறியாத சிப்பாய்களுக்கும் ஊர்மக்களுக்கும் முகத்திலும் கழுத்திலும் இந்தப் புண் வந்தபோது டாக்டர்கள் திகைத்தார்கள். விசாரித்ததில் புதிதாக வாங்கிய பிரஷ் பிடிபட்டது. சவரத்தில் ஏற்படும் சிறு கீறலே கிருமிக்குப் போதும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், பலர் இறந்தனர். பென்சிலின் இல்லாத காலம்.

பிறகு சட்டம் வந்தது. பிரிட்டன் 1919-ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் இயற்றி, 1920-ல் ஜப்பானிய சவர பிரஷ்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அக்காலத்து அமெரிக்க பிரஷ்களின் கைப்பிடியில் 'ஸ்டெரிலைஸ்டு' என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் அதை ஏதோ விளம்பரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அது மக்களின் பயத்துக்குச் சொன்ன பதில்.

நூறு வருஷம் ஆயிற்றே, இனி என்ன என்று கேட்கலாம். ஆந்த்ராக்ஸ் கிருமி விதை போன்ற வித்துருவில் பல்லாண்டு கிடக்கும். இரண்டாம் உலகப் போரில், 1942-ல், ஸ்காட்லாந்தின் க்ருய்னார்ட் தீவில் இதை வைத்துச் சோதனை செய்தார்கள். தீவைச் சுத்தம் செய்து ஆபத்தில்லை என்று அறிவித்தது 1990-ல்தான். பிரஷில் ஆபத்து மிக மிகக் குறைவு என்றே நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் 1930-க்கு முந்திய முடியை முகத்தில் வைக்க வேண்டாம். வெந்நீரில் அலசினால் இந்த வித்து சாகாது.

ஆகவே என் முறை இது. மிகப் பழையது என்று தோன்றினால் தொடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். கைப்பிடி வயதைச் சொல்லும். கேட்டலின் என்ற வண்ணப் பிளாஸ்டிக் 1927-க்குப் பிறகே வந்தது. வெள்ளையாக இருந்த கேட்டலின் வெண்ணெய் காய்ச்சிய நிறத்துக்கு மாறுவது அதன் குணம்.

பிற்காலத்துப் பிரஷ் என்று உறுதியானால் வேலையைத் தொடங்கலாம். முடியை ஈரமாக்கி, தூசி பறக்காமல் அடியோடு நறுக்கி, பொட்டலமாகக் கட்டி எறிந்துவிடுங்கள். குழியில் மிஞ்சிய பழைய பசையை டிரில்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். அவசரப்பட்டால் கைப்பிடி விரிசல் விடும். குழியின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து அதற்கேற்ற முடிக்கொத்து வாங்குங்கள். பெரும்பாலும் 20 முதல் 24 மி.மீ. வரை இருக்கும். ஆழமாக இறக்கினால் பிரஷ் விறைப்பாக இருக்கும், மேலே தூக்கி வைத்தால் மிருதுவாக இருக்கும். அரால்டைட் வைத்து ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். கைப்பிடிக்கு பிராசோ போதும். கேட்டலினைக் கொதிநீரில் போடக் கூடாது.

முடியில் உங்கள் இஷ்டம். விலங்கு முடி வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல செயற்கை இழை கிடைக்கிறது. நான் அதையே வைக்கிறேன். கைப்பிடியே இல்லையென்றால் உடைந்த தேக்கு நாற்காலிக் காலைக் கடைசல் பட்டறையில் கொடுத்தால் கடைந்து தருவார்கள்.

பெரியவர்களின் கை பட்டுத் தேய்ந்தது கைப்பிடி. பாதுகாக்க வேண்டியது அதைத்தான். முடி போகட்டும். பேரனிடம் கொடுக்கும்போது பிரஷோடு இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.