முதலில் தம்மைத் திருத்திய மருத்துவர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோயால் இறப்போர் தொகை அச்சந்தரும் வகையில் பெருகியது. ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவர் காரணம் தேடப் புறப்பட்டனர். வாகனப் புகையோ சாலைத் தாரோ காரணமாயிருக்கலாம் என்றே டால் முதலில் ஐயுற்றார். இலண்டன் மருத்துவமனைகளில் நோயாளரை வினவியபோது கிடைத்த விடையோ சிகரெட். ஆய்வு 1950இல் வெளிவருமுன்னரே டால் தம் புகைப்பழக்கத்தைக் கைவிட்டார்.

1951இல் இருவரும் பிரித்தானிய மருத்துவர்களுக்கு மடல் எழுதி, அவர்தம் புகைப்பழக்கத்தைக் கேட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் விடையளித்தனர். அவர்களுள் ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. விடாது சிகரெட் புகைத்தோர், புகைக்காதோரைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே மாண்டனர்; நுரையீரலோடு இதயமும் இரத்தக் குழாய்களும் பழுதுற்றன. ஆயினும் 60 வயதில் விட்டவர் ஏறக்குறைய 3 ஆண்டுகளையும், 30 வயதில் விட்டவர் ஏறக்குறைய 10 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர்.

பிறர்க்கு உரைக்குமுன் டால் தம் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பிள்ளைகளைக் கண்டிக்கும் நாம் எதைக் கீழே வைத்திருக்கிறோம்? காலம் இன்னும் கடந்துவிடவில்லை என்பதற்கும் அம்மருத்துவர்களின் வாழ்வே நமக்குச் சான்று.