இந்தியக் கணக்கும் அரபு எண்ணும்

உலக மக்கள் மொழியால் வேறுபடுகின்றனர், எழுத்தால் வேறுபடுகின்றனர். ஆயினும் கணக்கு எழுதுங்கால் பெரும்பாலோர் ஒன்பது இலக்கங்களையும் ஒரு சுழியையுமே கையாள்கின்றனர். இவற்றை ஐரோப்பியர் 'அரபு எண்கள்' என்றனர். அரபு நூலாசிரியர்களோ 'ஹிஸாபுல் ஹிந்த்', அதாவது இந்தியக் கணக்கு என்றே எழுதி வைத்தனர். இன்று நம்மவருள் சிலர் இவ்விலக்கங்கள் முழுவதும் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பே எனப் பெருமை பேசுவதுண்டு. அரபியர் வெறும் சுமை தூக்கிகளே எனத் தள்ளிவிடுவாரும் உளர். இவ்விரு கூற்றுகளும் வரலாற்றின் முன் நிற்குமா என்பதைக் காண்போம்.

இவ்விலக்கங்கள் பரவுமுன் அரபியர் தம் எழுத்துகளையே எண்களாகவும் கொண்டனர். இதற்கு அப்ஜத் முறை என்று பெயர். அலிஃப் 1, பே 2, யே 10, லாம் 30, மீம் 40, ஸீன் 60, ரே 200, கைன் 1000 என ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. நம் இல்லங்களில் 786 என்னும் எண்ணை அறியாதார் இலர். அது பிறந்தது இம்முறையிலேதான். 'பிஸ்மி' என்பதில் பே 2, ஸீன் 60, மீம் 40, ஆக 102. 'அல்லாஹ்' 66, 'அர்ரஹ்மான்' 329, 'அர்ரஹீம்' 289. இவற்றைக் கூட்ட 786 வரும். பிஸ்மியின் இடத்தில் இவ்வெண்ணை எழுதுவது தகுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈண்டு நாம் நோக்குவது கணக்கு முறையை மட்டுமே.

இதே எண்ணை அப்ஜத் முறையில் எழுத மூன்று எழுத்துகள் போதும்: தால் 700, ஃபே 80, வாவ் 6. உரோமானியருக்கு ஒன்பது எழுத்துகள் வேண்டியிருந்தன. பழந்தமிழ் முறையில் ௭௱௮௰௬ என ஐந்து குறிகள். ஏழு, நூறு, எட்டு, பத்து, ஆறு என வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதியது. நூற்றுக்கும் பத்துக்கும் தனிக் குறிகள் இருந்தமையால் அங்குச் சுழி தேவைப்படவில்லை.

இம்முறைகள் யாவும் விடையைக் குறித்து வைக்க உதவின. கணக்குப் போடுவதற்கு எளிதாக இல்லை. ஆதலால் உரோமானியர் மணிச்சட்டத்தை நாடினர். அரபியர் விரல்களை மடக்கியும் நீட்டியும் கணக்கிட்டனர். இந்திய முறையின் சிறப்பு யாதெனில், ஓர் இலக்கம் தான் நிற்கும் இடத்தால் மதிப்புப் பெறுகிறது. 777 என்பதில் ஒரே ஏழு, எழுநூறாகவும் எழுபதாகவும் ஏழாகவும் நிற்கிறது. வெற்றிடத்தைக் காக்கச் சுழி வந்தது. அச்சுழியையும் ஓர் எண்ணாகவே கொண்டு கூட்டல், கழித்தல் விதிகளை 628 ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் வகுத்தார். 662 இலேயே யூப்ரடீஸ் நதிக்கரையில் வாழ்ந்த சிரியக் கிறிஸ்தவ ஆயர் செவேரஸ் செபோக்த், இந்தியரின் ஒன்பது குறிகளைப் பாராட்டி எழுதியுள்ளார்.

அப்பாஸிய கலீஃபா அல்மன்சூர் காலத்தில் (754 - 775) இந்திய வானியல் நூலொன்று அரபியில் பெயர்க்கப்பட்டது. ஏறத்தாழ 825 இல் பக்தாதில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ இந்தியக் கணக்கை விளக்கி ஒரு நூல் இயற்றினார். அதன் அரபு மூலம் மறைந்துவிட்டது. இலத்தீன் வடிவம் எஞ்சியுள்ளது. கணிப்பொறித் துறையில் இன்று வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல் அவர் பெயரின் திரிபே.

அரபியர் பெற்றதைப் பெற்றவாறே விட்டுவிடவில்லை. முன்னர் இக்கணக்கைப் புழுதி பரப்பிய பலகையில் எழுதி, அழித்து அழித்துப் போட்டனர். ஹிஜ்ரி 341 இல் (952) திமிஷ்கில் அல்உக்லீதிஸீ என்பார் காகிதத்தில் மையால் எழுதி, இடைப்படிகள் அழியாது நிற்கும் வழிகளை வகுத்தார். பதின்மப் பின்னங்களையும் அவர் நூலில் காண்கிறோம். பின்னாளில் சமர்கந்தில் அல்காஷீ, 1427 இல் முடித்த தம் நூலில் அப்பின்னங்களை முறைப்படுத்தி விளக்கினார். இக்கலை அறிஞர் அவையோடு நின்றுவிடவும் இல்லை. புகாராவில் சிறுவராயிருந்த இப்னு ஸீனாவை அவர்தம் தந்தையார் இந்தியக் கணக்குக் கற்க அனுப்பியது ஒரு காய்கறி வணிகரிடமே! இச்செய்தியை இப்னு ஸீனாவே தம் வரலாற்றில் குறித்துள்ளார்.

பீசா நகரத்து லியோனார்தோ, தந்தையார் பணியாற்றிய அல்ஜீரியக் கடற்கரை நகரான பிஜாயாவில் இக்கணக்கைப் பயின்று, 1202 இல் இலத்தீனில் நூல் எழுதினார். அவரும் இவை இந்தியரின் இலக்கங்கள் என்றே கூறினார். எனினும் ஐரோப்பா எளிதில் ஏற்கவில்லை. 1299 இல் பிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுவோர் சங்கம், கணக்கேடுகளில் இவற்றை எழுதக்கூடாதெனத் தன் உறுப்பினர்களுக்குத் தடை விதித்தது. அத்தடைகளையெல்லாம் கடந்து இவை வென்றன.

ஒரு சொல்லின் பயணமும் இவ்வரலாற்றைச் சொல்லும். வெறுமை எனப் பொருள்படும் 'சூன்யம்' என்னும் வடசொல்லை அரபியர் அதே பொருளுடைய 'ஸிஃப்ர்' எனப் பெயர்த்தனர். அது இலத்தீன் வழியாக 'சீரோ' எனவும் 'சைபர்' எனவும் திரிந்தது. அந்தச் 'சைபர்' ஆங்கிலத்தோடு கப்பலேறித் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இந்திய அரசியலமைப்பின் 343 ஆம் பிரிவு இவற்றை 'இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்' என்று குறிக்கிறது. அச்சொற்றொடரில் இரு தரப்பாருக்கும் இடம் இருக்கிறது. தோற்றம் இந்தியருடையது, வளர்த்துப் பன்னாட்டுக்கும் கொண்டு சேர்த்த உழைப்பில் அரபு மொழி அறிஞர்களின் பங்கு பெரிது.

கல்வி ஓர் அமானிதம். பேராற்றலும் பெரும் ஆட்சியும் தம் கையில் இருந்த காலத்தில், பக்தாதின் அறிஞர்கள் இக்கணக்கைத் தமதென எழுதியிருக்கலாம், கேட்பார் எவருமிலர். ஆயினும் நூலின் தலைப்பிலேயே 'ஹிந்த்' என்று பொறித்து, கொடுத்தவர் பெயரை நிலைநாட்டினர். நம் பிள்ளைகளிடம் முன்னோரின் பெருமையைச் சொல்லப் புகும்போது, அவர்கள் கண்டுபிடித்தவற்றோடு இந்த நேர்மையையும் சேர்த்துச் சொல்வோமாக. அவர்கள் உரிமை கோராத ஒன்றுக்கு நாம் உரிமை கோருவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது.