கரையிலிருந்து ஒரு முக்குளிப்பு

எல்.எஃப்.சி.யில் அந்தமான் போய்வரும் வங்கி நண்பர்கள் இப்போதெல்லாம் ஸ்கூபா போட்டோவோடுதான் திரும்புகிறார்கள். முதுகில் சிலிண்டர், வாயில் ரப்பர் குழாய். இந்தக் கருவி முதன்முதலில் கடலைப் பார்த்ததும் இப்படி நாலு நண்பர்கள் கரையிலிருந்து இறங்கிய ஒரு நாளில்தான். ஆனால் அது போர்க்காலம்.

1943 ஜூன். பிரான்ஸின் தென்கரையில் பந்தோல் என்ற ஊர். ரயில் நிலையத்துக்குப் பாரிஸிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. எடுத்துப் போனவர் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ. 1936-ல் கார் விபத்தில் கைகள் நொறுங்கி, விமானியாகும் கனவு போனவர். கைக்கு வலு வரத்தான் நீந்த ஆரம்பித்தார். கூட இருந்தவர்கள் தாய்யே, துய்மா என்ற இரு நண்பர்கள், மனைவி சிமோன்.

மூச்சை அடக்கி மூழ்குவது பழைய கலை. நம் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்களைவிடவா சொல்ல வேண்டும்! காற்றையே கூடக் கொண்டு போவதுதான் பிரச்சினை. பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரண்டு மடங்கு. அதே அழுத்தத்தில் காற்று வந்தால்தான் நெஞ்சு விரியும். 1860-களிலேயே ரூகெரோல், தெனெரூஸ் இருவரும் மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று தரும் வால்வைச் செய்துவிட்டார்கள். ஆனால் போதுமான காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் அன்று இல்லை. 1930-களில் லெ ப்ரியர் செய்ததில் சிலிண்டர் இருந்தது. காற்றோ நிற்காமல் ஓடி வீணானது. கூஸ்தோ சுத்த ஆக்சிஜனையும் முயன்று பார்த்தார். இரண்டு முறை கடலுக்குள் வலிப்பு வந்ததுதான் மிச்சம்.

விடை வந்த இடம்தான் வேடிக்கை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் பெட்ரோல் கிடையாது; கார்கள் எரிவாயுவில் ஓடின. அதற்கு ஒரு ரெகுலேட்டர் செய்து வைத்திருந்தார் ஏர் லிக்கீட் நிறுவனத்தின் இன்ஜினியர் எமில் கான்யான். அந்த நிறுவனத்தில் கூஸ்தோவின் மாமனார் உயர் பொறுப்பில் இருந்ததால் அறிமுகம் எளிதானது. மார்ன் நதியில் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று பீய்ச்சி அடித்தது. மூச்சு வெளியேறும் வாயை ரெகுலேட்டர் பக்கத்திலேயே வைத்ததும் சரியானது. கேட்டால் கேட்ட அளவு மட்டும் கொடுக்கும். எங்கள் ஓவர்டிராஃப்ட் கணக்கு மாதிரி!

இத்தாலியப் படையினர் கண்ணில் படாமல் ஒதுக்குப்புறமான ஒரு சிறு விரிகுடாவுக்குப் போனார்கள். கூஸ்தோ கரையிலிருந்தே நடந்து இறங்கினார். சிமோன் மேலே மிதந்து கண்காணித்தார். ஏதாவது ஆனால் காப்பாற்றத் துய்மா கரையில் தயார். தலைகீழாகப் புரண்டாலும் காற்று தடையின்றி வந்தது. சிங்கி இறால் பிடித்து வந்து சிமோன் கையில் கொடுத்தார். தட்டுப்பாட்டுக் காலத்தில் அது விருந்து.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. 1947-ல் ஆழத்தின் எல்லையைச் சோதிக்க இறங்கிய அவர்களுடைய சகா மோரிஸ் ஃபார்க் 120 மீட்டர் அருகே உயிரிழந்தார். காற்று இருந்தும், ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்கிவிடுகிறது. இன்று பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 40 மீட்டர் என்று எல்லை வைத்திருப்பது சும்மா இல்லை.

1956-ல் 'மௌன உலகம்' படம் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. கூஸ்தோ உலகப்புகழ் பெற்றார். கான்யான் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, தொடர்ந்து கருவிகள் செய்து, 1984-ல் காலமானார். காப்புரிமையில் இருவர் பெயரும் உண்டு. ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது ஒருவரைத்தான். வெளியூரில் பிழைக்கப் போன ஒரு இன்ஜினியரின் பெயரையும் சேர்த்துச் சொல்லி வைப்போமே என்றுதான் இதை எழுதினேன்.